துவைக்காத ஆறு சட்டைகள்

என் மகனின் இரத்தத்தில் நஞ்சைக் கலந்தவள் நான். அந்தப் பழியைச் சுமந்தவள் வேறொருத்தி.

இந்த இரண்டு வரிகளையும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் மனத்துக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பேருந்தில், வகுப்பறையில், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது… தொண்டைவரை வரும். பிறகு விழுங்கிவிடுவேன். இனி விழுங்கப் போவதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு பச்சைப்பிள்ளை இருக்கலாம், இனி வரவிருக்கலாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பதற வேண்டாம். பையன் நன்றாக இருக்கிறான்! அஜின் என்று பெயர். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், குளியலறை வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டி முட்டிச் சிரிக்கிறான். அவன் நன்றாக இருப்பதற்குக் காரணம் நானல்ல. அதுவும் இந்த வாக்குமூலத்தில் சேரும்.

நான் வேதியியல் ஆசிரியை. ஆரல்வாய்மொழியில் வேலை, அங்கேயே புகுந்த வீடு. கணவர் கத்தாரில் இருக்கிறார். கருவுற்ற நாளிலிருந்து எனக்கு ஒரு வெறி பிடித்தது. வேறென்ன சொல்ல, வெறிதான்! பிள்ளையின் மேல் படப்போகும் ஒவ்வொன்றும் நஞ்சில்லாததாக இருக்க வேண்டும். சோப்பை வாங்கினால் அதன் பின்புறத்துப் பொடியெழுத்தை முழுக்கப் படிப்பேன். பவுடர் வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. வாசனைத் திரவியம் வேண்டாம். பால்புட்டி கண்ணாடியில்தான் இருக்க வேண்டும். கண்மை கூடவே கூடாது, அதில் ஈயம் இருக்கும். ஆசிரியர் அறையில் எனக்கு ‘லேபிள் டீச்சர்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். கேலி என்று தெரிந்தும் உள்ளூர எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

நான் சொன்னவற்றில் ஒன்றும் தவறில்லை. அதுதான் வேடிக்கை. ஊருக்கெல்லாம் சரியாகச் சொன்னேன்!

ஐந்தாம் மாதத்தில் இணையத்தில் ஆறு சட்டைகள் வாங்கினேன். முன்பக்கம் முடிச்சுப் போடுகிற குட்டிச் சட்டைகள். ரசாயன உரம் போடாத பருத்தி, செயற்கைச் சாயம் கிடையாது, பித்தான்கூட இல்லை. தாழம்பூவின் வெளிர்மஞ்சள் நிறம். கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருந்த பிள்ளையைத் தொட்டதுபோல இருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் கண் பட்டுவிடும், ஆகாது என்பார்கள். பிறந்த பிறகும் முதலில் போடுவது பழைய வேட்டித் துணிதான், அல்லது வேறு வீட்டுப் பிள்ளை போட்டு மெத்தென்று ஆன சட்டை. என் மாமியாரும் சரி, அம்மாவும் சரி, இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் அறிவியல் படித்தவள்… மூடநம்பிக்கை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. ஒளித்து வைத்தேன்.

எங்கே? கணவர் போன விடுமுறைக்குக் கொண்டுவந்த பெரிய பெட்டியில். பூட்டுள்ள பெட்டி. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கக் கூடாது, கரப்பான் அரிக்கக் கூடாது என்று நான்கு மூலையிலும் பாச்சை உருண்டை போட்டேன். கைநிறைய… வெள்ளை வெளேரென்று… நானே போட்டேன்!

நாப்தலீன். அதைப் பற்றி எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன் தெரியுமா? ‘திண்மநிலையிலிருந்து திரவமாகாமல் நேராக ஆவியாவது பதங்கமாதல்.’ கரும்பலகையில் அடிக்கோடிட்டு எழுதுவேன். ‘உருண்டை சிறுத்துக்கொண்டே போகிறதே, அது எங்கே போகிறது?’ என்று பிள்ளைகளைக் கேட்பேன். காற்றில் கலக்கிறது டீச்சர் என்பார்கள். காற்றில் மட்டுமா கலக்கும்? மூடிய பெட்டிக்குள் வேறெங்கே போகும் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

துவைத்திருக்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும்! ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது சும்மாவா? ஆனால் கொடியில் ஆறு குட்டிச் சட்டைகள் தொங்கினால் மாமியார் பார்ப்பார், தெரு பார்க்கும். மடியில் கனம் இருந்ததால் வழியில் பயம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு, கொட்டாரத்துக்கு, அழைத்துப் போனார்கள். பெட்டியும் கூடவே வந்தது. அது பூட்டியபடியே இருந்தது.

அஜின் பிறந்தான். நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தோம். அன்றே பெட்டியைத் திறந்து, இப்போதுதான் கூரியரில் வந்தது என்று அம்மாவிடம் கூசாமல் பொய் சொல்லி, முதல் சட்டையை அணிவித்தேன். அவன் கைகளை நீட்டி ஒரு கொட்டாவி விட்டான். இளவரசன்போல இருந்தான்.

மறுநாள் செல்லபாய் அக்கா வந்தாள். பிள்ளையையும் பெற்றவளையும் குளிப்பாட்ட அம்மா ஏற்பாடு செய்திருந்த பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். மயிலாடிப் பக்கம் வீடு. கொட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவளுடைய நீட்டிய கால்களின் மேல் படுத்துக் குளித்தவர்கள்தாம். அவள் வரும்போது ஒரு கண்ணாடிக் குப்பி கொண்டுவருவாள். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய்.

லேபிள் டீச்சர் சும்மா விடுவாளா? வாய்மொழித் தேர்வுபோலக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். என்ன தேங்காய், எந்தப் பாத்திரம், வேறு என்ன சேர்த்தது, எத்தனை நாள் பழையது… அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் குப்பியைச் சரித்துத் தன் நாக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள்.

“எனக்க நாக்குக்கு ஆகாதது பிள்ளைக்க மேலுக்கு ஆகுமா மக்கா? தேங்காப்பாலு மட்டும்தான். வேற ஒரு தூசு கெடையாது” என்றாள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெயில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

குளிப்பாட்டி முடித்து, நான் நீட்டிய சட்டையைக் கையில் வாங்கியவள் முகத்தைச் சுளித்தாள்.

“மக்கா, இந்தச் சட்டைய ஒருக்கா அலக்கி, வெயிலுல போட்டுட்டு இட்டா என்ன? ஒரு மாதிரி மணக்குது, கேட்டியா.”

அலக்குவதென்றால் எங்கள் ஊரில் துவைப்பது. எனக்குச் சுருக்கென்றது. என் சட்டையைக் குறை சொல்ல இவள் யார்?

“அக்கா, இது சுத்தமான ஆர்கானிக் துணி. கண்டவங்க வீட்டுல கண்ட சோப்புல அலக்குன பழந்துணி இல்ல. நீங்க குளிப்பாட்டுனா மட்டும் போதும்” என்றேன்.

அவள் சட்டையைப் பிள்ளைக்கு இட்டு முடிச்சைப் போட்டாள்.

“செரி, மக்கா” என்றாள்.

அவ்வளவுதான். ஆறு சட்டைகளும் மாறி மாறி அவன் மேல் ஏறின. நனைந்தால் ஒன்றைக் கழற்றி இன்னொன்று… பெட்டியிலிருந்து எடுத்ததும் நேரே உடம்பில். மணம் எனக்குத் தெரியவில்லையா? தெரிந்தது. புதுத்துணி மணம், பெட்டி மணம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் வீட்டு மணம்… எங்கள் ஊரில் அந்த மணத்தைக் கௌரவம் என்றே நினைத்து வளர்ந்தவள் நான்.

எட்டாம் நாள் காலை. பிள்ளை பால் குடிக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தான். சமர்த்து என்று நான் நினைத்தேன். செல்லபாய் அக்கா அவனைக் காலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றாமல், இமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். கழற்றிப் போட்ட துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அம்மெ, பிள்ளைக்கக் கண்ணு செரியில்ல. மூத்திரத்தப் பாத்தியளா? பாலில்லாத கட்டன்சாயா நெறத்துல இருக்கு.”

“பிறந்த பிள்ளையளுக்கு மஞ்ச வாறதுதான். காலத்த வெயிலுல காட்டுனா மாறிரும்” என்றாள் அம்மா.

“இது அந்த மஞ்ச இல்ல. உள்ளங்கையி பாருங்கோ, வெளுத்துப் போச்சு. குளிப்பாட்டப்பிடாது இண்ணைக்கு. நான் ஆட்டோ விளிக்கேன். இப்பமே ஆசுவத்திரிக்குப் போங்கோ!”

ஈரக் கையோடு தெருவுக்கு ஓடி ஆட்டோவை அழைத்துவந்தவள் அவள்தான். என் பிள்ளையைக் காப்பாற்றியவள் அவள்தான். இதை மூன்று ஆண்டுகள் நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை. இரத்தம் எடுத்தார்கள். சின்னக் குதிகாலில் ஊசி… மறுபடியும் ஊசி… நீல விளக்கின் கீழே, கண்களைக் கட்டி, வெற்றுடம்பாகக் கிடத்தினார்கள். சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே போகின்றன என்றார்கள். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எட்டு நாள் பிள்ளைக்கு!

இளம் பெண் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து உட்கார வைத்தார். சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சில பொருள்கள் பக்கத்தில் வந்தாலே சிவப்பணு உடையும் என்றார். பிறகு கேட்டார்.

“வீட்டுல துணிக்குப் பாச்சை உருண்டை போடுவீங்களா? குழந்தையோட துணியில அந்த வாசனை இருந்துச்சா?”

செவிலி கழற்றிக் கொடுத்த சட்டை அப்போது என் கைக்குள் இருந்தது. வெளிர்மஞ்சள் சட்டை. உள்ளங்கைக்குள் கசக்கிப் பிடித்திருந்தேன். அந்த மணம் என் மூக்கில் ஏறியது. அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பதங்கமாதல், பெட்டி, மூலைகள், ஆறு சட்டைகள், தோல், இரத்தம்… வேதியியல் தெரிந்தவளுக்கு விளங்க எவ்வளவு நேரம் வேண்டும்?

“இல்ல டாக்டர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். பயமா? பயமும்தான். ஆனால் பெரியது வெட்கம். பிறக்கும் முன்னே வாங்கினாயா என்று மாமியார் கேட்பார். நீ படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கணவர் கேட்பார். லேபிள் டீச்சரின் பிள்ளைக்கா இப்படி என்று ஆசிரியர் அறை கேட்கும். என் பிள்ளை நீல விளக்கில் கிடக்கும்போது நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு தாயா!

“வேற ஏதாவது? நாட்டு மருந்து, எண்ணெய்…?”

“குளிப்பாட்ட வாற அக்கா ஒரு எண்ணெய் கொண்டு வருவா. லேபிள் ஒண்ணும் கிடையாது. அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியாது, டாக்டர்.”

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். அவருடைய பேனா நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்ல எனக்கு எத்தனை நேரம் இருந்தது தெரியுமா? ஒரு முழு வரி எழுதும் நேரம் இருந்தது.

பையில் கொண்டுவந்திருந்த சட்டைகளை அன்றே அப்புறப்படுத்திவிட்டேன். வேறு துணி கொண்டுவா, பழைய வேட்டித் துணி போதும் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. வாய்தான் வரவில்லை. பரிசோதனை முடிவும் வந்தது. நொதிக்குறைவு உறுதியானது. பிள்ளை மெல்ல மெல்லச் சிவந்தான், பால் குடித்தான், பன்னிரண்டாம் நாள் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைப்போல இனிய ஓசையை அதன்பின் நான் கேட்டதில்லை!

வீடு திரும்பிய அன்று மாலையே செல்லபாய் அக்கா வந்தாள். நான் உள்ளறையில் கட்டிலில் இருந்தேன். கதவு ஒருச்சாய்த்து இருந்தது. எண்ணெயைப் பற்றி மருத்துவர் அம்மாவிடமும் கேட்டிருந்தார். வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

“பிள்ளைக்கு என்னத்தட்டி தேச்சு வச்ச? எனக்க வாசல்ல இனி கேறப்பிடாது, சொல்லிட்டேன்!”

பிறகு அவள் குரல்.

“அம்மெ… பிள்ளைக்கு எப்படி இருக்கு? அத மட்டும் சொல்லுங்கோ.”

அம்மா கதவைச் சாத்தினாள். நான் எழுந்து போகவில்லை. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கிறான், எழுந்தால் கலைந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் கட்டிலில் வசதியாகச் சாய்ந்திருந்தது.

ஒரு வாரத்தில் கொட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. செல்லபாய் எண்ணெய் தேய்த்ததில் டீச்சர் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்களாம்! பார்க்க வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பொய். ஊரே சேர்ந்து சோறு போட்டால் மறைக்கலாம்.

அவளை யாரும் கூப்பிடவில்லை. அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு வேறு பேச்சுக்கு மாறினேன்.

மூன்று ஆண்டுகள் ஓடின. அஜினுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் என் பைக்குள் எப்போதும் இருக்கும். அவற்றைத் தவிர்த்தால் போதும், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வான் என்று மருத்துவர் சொன்னார். அப்படியே வளர்ந்தான். ஓடுகிறான், விழுகிறான், மண்ணைத் தின்கிறான். அவன் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் எனக்குள் ஒன்று சிரிக்கும், ஒன்று கூசும். பள்ளியில் பதங்கமாதல் வரும் வாரத்தில் கற்பூரத்தை மட்டும் காட்டுவேன். நாப்தலீன் சீசா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது.

போன ஆண்டுக் கடைசியில் பெனிலா வந்தாள். கணக்கு எடுக்கும் புது ஆசிரியை. தலைப்பிரசவம், ஆறு மாதம். லேபிள் டீச்சரின் புகழ் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. மதிய இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“டீச்சர், அண்ணன் துபாயிலருந்து பிள்ளைக்குத் துணி கொண்டு வந்தாச்சு. மாமிக்குத் தெரியப்பிடாது, ஏசுவாவ. பூச்சி அரிக்காம இருக்க நல்ல பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில பூட்டி வச்சிருக்கேன்.”

கையிலிருந்த சோற்றுருண்டை பாத்திரத்தில் விழுந்தது. அவள் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே போனாள்.

“குளிப்பாட்ட ஆளுதான் கெடைக்கல்ல. செல்லபாய்னு ஒருத்தி உண்டாம். ஆனா அவ கொள்ளாதுண்ணு எல்லாரும் சொல்லுகாவ. உங்க பிள்ளைக்குத்தானே டீச்சர் அவ எண்ணெய் சேராமப் போச்சு?”

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டாள்! என் பெட்டியும் என் பொய்யும் ஒரே வாயிலிருந்து திரும்பி வந்தன. நான் அவள் கையைப் பிடித்தேன். அந்தத் துணியைப் பிள்ளைக்குப் போடாதே, துவைத்தாலும் வேண்டாம், உருண்டைகளை இன்றே வெளியே எறி என்று படபடவென்று சொன்னேன். அவள் மிரண்டுபோய்க் கேட்டாள்.

“உங்களுக்கு எப்படி டீச்சர் இவ்வளவும் தெரியும்?”

“படிச்சிருக்கேன்” என்றேன்.

பாருங்கள்… வாய்ப்பு தட்டில் வந்தது. அப்போதும் பொய்! செல்லபாய் பற்றி அவள் கேட்ட கேள்விக்கோ பதிலே சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டேன். பெனிலாவின் பிள்ளை தப்பியது. ஆனால் அவள் இன்னும் செல்லபாயைத்தான் நஞ்சென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அஜினைக் கூட்டிக்கொண்டு மயிலாடிக்குப் போனேன். தெருமுழுக்கக் கல்லில் உளி விழும் ஓசை. அஜின் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். செல்லபாய் அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசலில் குந்தியிருந்து கைகளைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைகள்! முந்திரிக்கொட்டையின் பால் பட்டுக் கன்றிக் கறுத்திருந்தன. விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது. பச்சைப்பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்த விரல்கள்…

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனைத்தான் பார்த்தாள்.

“இவன்தானா? ஏலே மக்கா, இஞ்ச வா. கண்ணக் காட்டு. நல்ல வெள்ளக் கண்ணு… கொள்ளாம்!” என்றாள். தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நின்றபடியே சொன்னேன். பெட்டி, உருண்டை, மருத்துவர் கேட்டது, நான் சொன்னது… ஒன்று விடாமல். அவள் முகம் மாறவே இல்லை.

“எனக்குத் தெரியும், டீச்சர்” என்றாள்.

டீச்சர்! அதுவரை மக்கா என்று பிள்ளையைப்போல அழைத்தவள் என்னை அப்படி அழைத்தது அதுவே முதல் முறை.

“அந்தச் சட்டைய உரியும்போ எனக்கு மூக்கு எரியும். ஆனா அதுனால தீனம் வரும்ணு அண்ணைக்கு எனக்கும் தெரியாது. பிறவு நர்சம்மா ஒருத்தி சொன்னா, அந்த உருண்ட சில பிள்ளையளுக்கு ஆகாதுண்ணு. அப்பம் வெளங்கிச்சு.”

“பிறகு ஏன்க்கா நீங்க யாருகிட்டயும் சொல்லல்ல?”

“ஆரு கேப்பா? நீங்க டீச்சரு. நான் குளிப்பாட்டுகவ.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். கைகூப்பினேன். அவள் எழுந்து பக்கெட்டைக் கவிழ்த்தாள்.

“எனக்க வீட்டுல வந்து எனக்கிட்ட சொன்னா என்ன கெடைக்கும், டீச்சர்? எனக்குத்தான் முந்தியே தெரியுமே. எங்க வச்சு என்னப் பற்றிச் சொன்னியளோ, அங்க போயி மாத்திச் சொல்லுங்கோ.”

போனேன். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அம்மா. “அவ பிள்ளைக்கு எப்படி இருக்குண்ணு கேட்டா… நான் கதவச் சாத்துனேனேட்டி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். கணவரிடம் சொன்னபோது திரையில் அவர் முகம் உறைந்துபோனது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பேசினார்.

நாகர்கோவிலுக்குப் போய் அந்த மருத்துவரைப் பார்த்தேன். அவருக்கு என்னை நினைவில்லை. பையனின் பழைய தாள்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா காரணத்தைத் தேடிக்கிட்டு இருந்திருக்க மாட்டோம். குழந்தையை இன்னும் ரெண்டு மூணு தடவை கம்மியா குத்தியிருப்போம்” என்றார்.

திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குதிகாலை நான் இன்றும் தினமும் கழுவுகிறேன்.

கடைசியாக, கொட்டாரத்து அங்கன்வாடியில், தடுப்பூசி போடும் நாளில், இடுப்பில் பிள்ளைகளோடு நின்ற பெண்களுக்கு நடுவே எழுந்து நின்றேன். செல்லபாயின் எண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என் பெட்டியில் இருந்தது, பொய் என் வாயில் இருந்தது என்றேன். ஒருத்தி தன் பிள்ளையை என்னிடமிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, “அப்பம் எனக்கப் பெட்டியில கெடக்க துணியள என்ன செய்யணும்?” என்று கேட்டாள். போட வேண்டாம் என்றேன். பெட்டியில் கிராம்போ வேப்பிலையோ போடலாம், அதுகூட இல்லாவிட்டால் பரவாயில்லை. புதுத்துணி எதுவானாலும் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே பிள்ளையின் மேல் பட வேண்டும் என்றேன். நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லேபிள் படிக்கக் கற்றுக்கொடுத்த நாளைவிட அன்றுதான் உருப்படியாக ஒன்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பெனிலாவிடமும் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா… கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்பம் அவியளயே வரச் சொல்லட்டா?” என்றாள்.

செல்லபாய் அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அண்டியாபீஸை விட்டு நின்று, இரண்டு மாதம் கைகளில் எண்ணெய் தடவி, கறுப்பு உரிந்து புதுத்தோல் வரட்டும் என்று காத்திருந்தாளாம். “இந்தக் கையால பிள்ளையத் தொடப்பிடாது, கை தெளியட்டு” என்று சொல்லி அனுப்பினாளாம். பெனிலாவின் பிள்ளை பிறந்தபோது கை தெளிந்திருந்தது.

போன ஞாயிறு நானும் அஜினும் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தோம். பெண்குழந்தை. கொல்லையில் வெயில் அடித்தது. செல்லபாய் அக்கா கால்களை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்தியிருந்தாள். நகக்கண்களில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் இருந்தது. பக்கத்துத் தெருவிலும் ஒரு வீட்டில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பெனிலா சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷம்தான்… ஆனால் மூன்றரை ஆண்டுகளை யார் அவளுக்குத் திருப்பித் தருவார்கள்?

“ஏலே மக்கா, தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்” என்று அஜினிடம் சொன்னாள். “மக்கா, சூடு செரியா இருக்கா பாரு” என்று பெனிலாவிடம் சொன்னாள்.

பிள்ளையைத் துடைக்கத் துவர்த்து தேவைப்பட்டது. கொடியில் கிடந்தது. பழைய பருத்தித் துவர்த்து, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. நான்தான் பக்கத்தில் நின்றேன். எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கினாள். உடனே பிள்ளையின் மேல் போடவில்லை. விரித்து, மூக்கருகே கொண்டுபோய், என் முன்னாலேயே, நிதானமாக மணந்து பார்த்தாள்.

பிறகு பிள்ளையைச் சுற்றி எடுத்தாள்.

“செரி, டீச்சர்” என்றாள்.